உண்ட வீடு எது?

ஓம் சரவணபவ.



சஷ்டி விரதம் முடிந்து, சூரசம்ஹாரப் படங்கள் குழுவில் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு தம்பி எனக்குத் தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மருந்து கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர். எந்த ஊர், எந்த கம்பெனி என்று எழுதப் போவதில்லை. அவர் கேட்டது இதுதான்.

"அண்ணா, இங்க தப்பு நடக்குது. கண்ணு முன்னாடி தெரியுது. வெளியில சொன்னா அது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் ஆகாதா? முருகனுக்கு அது பிடிக்குமா?"

சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தால் ஒரு வக்கீலைக் கைகாட்டி விட்டிருப்பேன். அவர் கேட்டது வேறு. சம்பளம் கொடுக்கிற இடத்தைக் காட்டிக் கொடுப்பது பாவமா என்று கேட்கிறார். இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*நம்ம மொழியிலேயே ஒரு சிக்கல்*

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருந்து உண்மையை வெளியே சொல்பவருக்கு நம்ம பேச்சுத் தமிழில் மரியாதையான ஒரு சொல் கிடையாது. "காட்டிக் கொடுத்தவன்" என்போம். கோபம் வந்தால் "எட்டப்பன்" என்போம். பத்திரிகைக்காரர்கள் "முறைகேட்டை அம்பலப்படுத்தியவர்" என்று நீளமாக எழுதுவார்கள். டீக்கடையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

இன்னொரு பக்கம் "செஞ்சோற்றுக் கடன்" என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கண் கலங்கும். கர்ணன் ஞாபகம் வருவான், கும்பகர்ணன் ஞாபகம் வருவான். தப்பான பக்கம் என்று தெரிந்தும் சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுத்தவர்கள். அவர்களை நாம் வில்லனாக நினைப்பதில்லை. அதனால்தான் அந்தத் தம்பிக்கு மனசு உறுத்துகிறது. அந்த உறுத்தலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நன்றி என்பது சின்ன விஷயம் இல்லை.

*சிங்கமுகன் செய்ததும் செய்யாததும்*

நமக்குக் கர்ணனை விடப் பக்கத்தில் ஒருவன் இருக்கிறான். வருஷா வருஷம் சம்ஹாரத்தன்று அவன் தலை விழுவதைப் பார்த்து நாம் அரோகரா சொல்கிறோம். சிங்கமுகன்.

காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாச்சாரியார் தந்த கந்தபுராணத்தைப் படித்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். முருகன் எடுத்தவுடன் வேலை எறியவில்லை. வீரபாகு தேவரைத் தூது அனுப்பினார். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று சொல்லி அனுப்பினார். தூதர் வந்து போன பிறகு சூரபத்மன் சபையில் ஆலோசனை நடக்கிறது. அப்போது தம்பி சிங்கமுகன் எழுந்து உண்மையைச் சொல்கிறான். வந்திருப்பவர் சின்னப் பிள்ளை இல்லை, பரம்பொருள். தேவர்களை விட்டுவிடு, இல்லையென்றால் நம் குலமே அழியும் என்கிறான். அண்ணன் அவனைத் திட்டித் தீர்க்கிறான். உடனே சிங்கமுகன், சரி, உனக்காகவே போர் செய்கிறேன் என்று இறங்கி வந்துவிடுகிறான். பிறகு போர்க்களத்தில் மடிகிறான்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது, பாவம், நல்லவன் என்று நினைத்தேன். இப்பவும் நல்லவன்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது ஒரு கேள்வி கூடவே வருகிறது. அந்தச் சபைக்குக் கொஞ்ச தூரத்தில் சிறையில் தேவர்கள் கிடந்தார்களே, அவர்களுக்கு சிங்கமுகனின் விசுவாசத்தால் என்ன கிடைத்தது? ஒரு நாள் கூட சீக்கிரம் விடுதலை கிடைக்கவில்லை. அண்ணனுக்குப் பட்ட கடனை அவன் உயிரைக் கொடுத்து அடைத்தான். அதற்கான வட்டியைக் கட்டியது சிறையில் இருந்தவர்கள்.

செஞ்சோற்றுக் கடன் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் இரண்டு பேரைத்தான் பார்க்கிறோம். சோறு போட்டவன், சாப்பிட்டவன். சிறையில் இருக்கிற மூன்றாவது ஆள் நம் கண்ணில் படுவதே இல்லை.

*தினேஷ் தாக்கூர் என்றொரு இன்ஜினியர்*

இதே சபை நம் காலத்திலும் கூடியது. ரான்பாக்ஸி என்ற பெயர் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய மருந்து கம்பெனி. அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தினேஷ் தாக்கூர் என்பவர் 2003-ல் நாடு திரும்பி அதில் சேர்ந்தார். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். கம்பெனியின் ஆராய்ச்சித் தகவல்களை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு. நம்ம பாஷையில் சொன்னால், டேட்டா வேலை.

2004-ல் அவருடைய மேலதிகாரி ராஜிந்தர் குமார் ஒரு வேலை கொடுக்கிறார். நாம் உலக நாடுகளுக்குக் கொடுத்திருக்கிற பரிசோதனை விவரங்கள் எல்லாம் உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். தாக்கூரின் குழு ஒவ்வொரு நாடாக, ஒவ்வொரு மருந்தாகத் தோண்டிப் பார்க்கிறது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில், 200-க்கும் மேற்பட்ட மருந்துகளில் விவரங்கள் சரியில்லை என்று தெரிய வருகிறது.

என்ன மாதிரி தப்பு என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். இது பின்னாளில் அமெரிக்க நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு மாத்திரை எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று இடைவெளி விட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். இங்கே சில மருந்துகளுக்கு மாதக்கணக்கில் இடைவெளி விட வேண்டிய சோதனைகளை ஒரே நாளில், அல்லது சில நாட்களுக்குள், செய்து முடித்திருந்தார்கள். காகிதத்தில் மட்டும் மாதங்கள் ஓடியிருந்தன. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ஒரு தேதியை மாற்றி எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். திரையில் அது நாலு எண், அவ்வளவுதான். மறுமுனையில் அந்த மாத்திரையை ஒருவர் வாயில் போடுகிறார்.

ராஜிந்தர் குமார் இந்த விவரங்களை இயக்குநர்கள் முன் வைத்தார். தாக்கூரும் குமாரும் செய்தது சரியாக சிங்கமுகன் செய்தது. முதலில் உள்ளே சொன்னார்கள். பதில்? குமார் சீக்கிரமே வேலையை விட்டுப் போனார். அலுவலகக் கணினியில் ஆபாசத் தளங்கள் பார்த்ததாகத் தன் மீதே குற்றம் சுமத்தினார்கள் என்று தாக்கூர் பிறகு சொன்னார். 2005-ல் அவரும் வெளியேறினார்.

அதற்கு மேல் அவர் சிங்கமுகன் வழியில் போகவில்லை. அதே வருஷம் புனைபெயரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதினார். அப்புறம் நடந்தது ஒரு நாளில் முடிந்த கதை இல்லை. 2007-ல் கம்பெனியின் நியூஜெர்சி அலுவலகத்தில் சோதனை. 2008-ல் அந்த கம்பெனியின் 30 மருந்துகளை இறக்குமதி செய்யத் தடை. 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்க நிறுவனம் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டு, மொத்தம் 50 கோடி டாலர் கட்டியது. முதல் கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் எட்டு வருஷம்.

*அந்தச் சோறு யாருடையது?*

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக் கூடாது. சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்ட வீடு எது?

மருந்து கம்பெனியில் வேலை செய்பவரின் சம்பளத்தை முதலாளி தன் வயலில் விளைவித்துத் தரவில்லை. மருந்துக்கடையில் ஒரு அம்மா சேலை முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கிற இருபது ரூபாய், அரசாங்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மொத்தமாக வாங்கும்போது கட்டுகிற வரிப்பணம், இதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சம்பளம். முதலாளி நடுவில் கையைக் கடத்தி விடுபவர். நோயாளிதான் சோறு போடுபவர்.

எங்கள் ஆயாவுக்கு பிரஷர் மாத்திரை. அட்டையில் இருக்கிற எழுத்தை அவர் படித்ததில்லை. "டாக்டர் குடுத்தாரு" என்று சொல்லித் தண்ணீர் குடிப்பார். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்ப்பார், மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்ப்பார். மாத்திரையில் பார்க்க என்ன இருக்கிறது? சுண்ணாம்பை அழுத்திக் கொடுத்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதனால் மருந்து விஷயத்தில் வாங்குகிறவர் முழுக்க முழுக்க உள்ளே இருப்பவரின் கண்ணை நம்பித்தான் வாயைத் திறக்கிறார். அந்தக் கண் பார்த்ததை மறைத்தால், அதுதான் சோறு போட்ட வீட்டுக்குச் செய்கிற ரெண்டகம்.

இதற்கு 2025-ல் நம் பக்கத்திலேயே சாட்சி வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து. தயாரித்த ஸ்ரீசன் நிறுவனம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்தது. கந்தபுராணம் அரங்கேறிய குமரக்கோட்டம் இருக்கிற அதே மாவட்டம். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தொழிற்சாலையில் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பட்டியலிடப்பட்டன. ஒரு நாளில் 350 குறைகள் முளைக்காது. நாலு சுவருக்குள் அவை தினமும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தாக்கூர் சொன்ன ஒரு விஷயமும் இதோடு சேர்ந்தது. அந்த விசாரணை நடந்த சமயம் அவருடைய சின்னப் பையனுக்குக் காய்ச்சல். சொந்த கம்பெனியின் மருந்தைக் கொடுத்தார், குறையவில்லை. வேறு கம்பெனி மருந்து கொடுத்ததும் குறைந்தது. அன்றோடு வீட்டில் தன் கம்பெனி மருந்தை நிறுத்திவிட்டார். தன் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவு செய்த பிறகு, ஊரார் பிள்ளைக்குப் போகட்டும் என்று எப்படி இருக்க முடியும்?

*சொன்னால் என்ன ஆகும்?*

"எழுதறது சுலபம் அண்ணா, எனக்கு லோன் இருக்கு" என்று தம்பி சொல்வார். நியாயம்தான். இதில் பொய்யான தைரியம் சொல்வது பாவம். அதனால் இருக்கிற நிலைமையைச் சொல்கிறேன்.

சத்யேந்திர துபே நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியர். சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், என் பெயரை வெளியிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பெயர் வெளியே போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மரணத்துக்குப் பிறகு எழுந்த கோபத்தில்தான் இப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிய பேச்சே வலுத்தது. 2014-ல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. ஆனால் நடைமுறைக்குக் கொண்டு வரப்படவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்குத்தான், தனியார் கம்பெனிக்கு இல்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி, பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகள் ஊழியர் புகார் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும். அந்த வழி போய்ச் சேருவதும் அதே கம்பெனிக்குள்தான்.

அமெரிக்காவில் கதை வேறு. உள்நாட்டுப் போர் சமயத்தில் ராணுவத்துக்குக் கெட்ட சரக்கை விற்ற ஒப்பந்ததாரர்களைப் பிடிக்க, லிங்கன் காலத்தில், 1863-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசாங்கத்தை ஏமாற்றியவர் மீது சாதாரண ஆள் அரசின் சார்பில் வழக்குப் போடலாம். மீட்கிற பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை அவருக்குப் பங்கு. தாக்கூருக்குக் கிடைத்தது சுமார் 4.86 கோடி டாலர்.

"அப்போ அவர் பணத்துக்காகத்தானே பண்ணினார்?" என்று கேட்பவர்கள் உண்டு. இது நல்ல கேள்விதான். ஆனால் அவர் முதல் கடிதம் எழுதியது 2005-ல், பணம் வந்தது 2013-ல். நடுவில் இருந்த வருஷங்களில் பயத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். வயலில் இறங்கினவனுக்குக் கூலி கொடுப்பதால் அவன் விதைத்தது பொய்யாகி விடாது. எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. சத்தியத்தைச் சொன்னால் சோறு போய்விடும் என்று ஒரு நாடு ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

*தம்பிக்கு என் பதில்*

எல்லோரும் தாக்கூர் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேல் ஒரே வீச்சில் எறியப்படவில்லை என்று முன்பே பார்த்தோம். இதிலும் படிகள் இருக்கின்றன.

முதல் படி: பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடாதீர்கள். செய்யாத சோதனைக்குத் தேதி எழுதாதீர்கள். இதற்கு வீரம் தேவையில்லை, பிடிவாதம் போதும்.

இரண்டாவது: உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி மேல் உள்ள கோபத்தை உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. தாக்கூர் குழு மருந்து மருந்தாக எண்ணிப் பார்த்த பிறகுதான் பேசியது.

மூன்றாவது: உள்ளே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். தூது அனுப்புவது முருகன் காட்டிய முறை.

நான்காவது: தூது தோற்று, உயிருக்கு ஆபத்தான சரக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தால், அங்கே சிங்கமுகனாக நிற்காதீர்கள். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சொல்லுங்கள். அது ரெண்டகம் இல்லை. உண்மையில் உங்களுக்குச் சோறு போட்டவர்களுக்குக் கட்டுகிற கடன்.

*காது கொடுத்த தகப்பன்*

கடைசியாக ஒன்று. இது தம்பிக்கு இல்லை, நம் எல்லோருக்கும்.

சுவாமிமலைக் கதையில் நாம் எப்போதும் உபதேசம் செய்த பிள்ளையைத்தான் கொண்டாடுகிறோம். படைப்புத் தொழில் செய்கிற பிரம்மாவிடம், உன் தொழிலுக்கு மூலமான பிரணவத்துக்குப் பொருள் தெரியுமா என்று கேட்டு, தெரியாதபோது சிறையில் வைத்தது அந்தப் பிள்ளை. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் கேள்வி கேட்கலாம் என்று நமக்குக் காட்டியவர். ஆனால் அந்தக் கதை நல்லபடியாக முடிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அப்பா கோபப்படவில்லை. சின்னப் பையன் நீ, உனக்கென்ன தெரியும் என்று சொல்லவில்லை. சிஷ்யன் மாதிரி பணிந்து காது கொடுத்தார். சூரபத்மன் சபையில் இல்லாமல் போனது அந்தக் காதுதான். சொல்ல அங்கே தம்பி இருந்தான், கேட்க அண்ணன் இல்லை.

நம்மில் பலர் மேற்பார்வையாளர்கள், மேனேஜர்கள், கணக்கு எழுதுபவர்கள், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்கள். ஒரு நாள் ராத்திரி உங்கள் மகனோ மகளோ சாப்பிடும்போது, "ஆபீஸ்ல ஒண்ணு நடக்குது, சரியில்ல" என்று ஆரம்பிக்கலாம். "உனக்கு எதுக்கு வம்பு, சம்பளத்தை வாங்கிட்டு வா" என்று வாயில் வந்துவிடும். கொஞ்சம் பொறுத்து, முழுசாகக் கேளுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும். கேட்க வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய துணை.

சிறையில் இருந்த தேவர்களை மறக்காமல் வந்தவன் நம் முருகன். முகம் தெரியாத நோயாளிகளையும் குழந்தைகளையும் நினைத்து, கையெழுத்துப் போட மறுத்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் அவன் வேல் முன்னால் நிற்கட்டும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!